சாட்சி சொன்ன பிறகு நோய் திரும்பினால்

சகோதரி, நீங்கள் எழுதியிருப்பதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் சொல்லிப் பார்க்கிறேன். உங்கள் அப்பாவுக்குப் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து ஸ்கேன் சுத்தமாக வந்தது. அடுத்த ஞாயிறே சபையில் எழுந்து, "ஆண்டவர் அப்பாவைப் பூரணமாகச் சுகமாக்கினார்" என்று சாட்சி சொன்னீர்கள். மூன்று மாதத்தில் நோய் திரும்பிவிட்டது. அதைச் சபையில் யாருக்கும் சொல்லவில்லை. வாராவாரம் பாட்டு நடத்துகிறீர்கள், மனதுக்குள் ஒன்றும் அசைவதில்லை. "அப்பா எப்படிம்மா இருக்காங்க?" என்று கேட்பவர்களிடம் "கிருபையால் நல்லா இருக்காங்க" என்கிறீர்கள். வாலிபர் கூட்டத்தில் "ஆத்தென்டிக்கா இரு" என்று பேசும்போதெல்லாம் உறுத்துகிறது. இப்படி உண்மையாக இருப்பது விசுவாசத்தைச் சேர்ந்ததா, இந்தக் காலத்து மோஸ்தரா, எழுந்து சொல்லிவிட்டால் மற்றவர்களின் விசுவாசம் குலையாதா என்பது கேள்வி.

அதற்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது என்று நினைக்கிறேன்: "நான் நடிக்கிறேனா?" அதிலிருந்தே தொடங்குகிறேன். என்னைப் பற்றி இரண்டு வரி. இறையியல் முறையாகப் படித்தேன், ஆனால் முழுநேரப் போதகன் அல்ல. சிங்கப்பூரில் ஒரு தமிழ்ச் சபையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பிரசங்கம் செய்கிறேன், மருத்துவமனைக்குப் போய் நோயாளிகளைப் பார்க்கிறேன். மருத்துவம் எனக்குத் தெரியாது. உங்கள் போதகரையும் தெரியாது. அந்த அளவுக்குள் நின்று பேசுகிறேன்.

இயேசு பரிசேயரைக் கடிந்துகொள்ளும் சொல்லை நம் பழைய வேதாகமம் "மாயக்காரர்" என்கிறது. கத்தோலிக்கர் வாசிக்கும் திருவிவிலியம் "வெளிவேடக்காரர்" என்கிறது. கிரேக்கத்தில் அது மேடையில் முகமூடி மாட்டி நடிப்பவனுக்குரிய பெயர். இதுவரை உறுதி. நாசரேத்திலிருந்து 6 கிலோமீட்டர் தூரத்தில் இருந்த செப்போரிஸ் நகரத்து நாடக அரங்கை இயேசு சிறுவயதில் பார்த்திருப்பார், அந்தச் சொல் அங்கிருந்துதான் அவர் வாய்க்கு வந்தது என்று சில பிரசங்கிகள் சேர்த்துக்கொள்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன், கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அந்த அரங்கு அவர் காலத்தில் இருந்ததா, பிறகு கட்டியதா என்பதிலேயே தொல்லியல் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. எனவே அதை விட்டுவிட்டேன்.

மத்தேயு 6ஆம் அதிகாரத்தில் அவர் எதைக் குறை சொல்கிறார் என்று பாருங்கள். தர்மம் செய்கிறவன், ஜெபிக்கிறவன், உபவாசிக்கிறவன் மூவரும் அங்கே வருகிறார்கள். "உணர்ச்சியே இல்லாமல் ஜெபிக்கிறாய்" என்று ஒருவரையும் அவர் கடிந்துகொள்ளவில்லை. "மனுஷர் காணும்படியாக" என்பதுதான் குற்றச்சாட்டு. கைதட்டலுக்காகச் செய்கிறவன் மாயக்காரன். மனம் வறண்டு கிடக்கும்போதும் செய்ய வேண்டியதைச் செய்கிறவனுக்கு அந்தப் பெயர் கிடையாது. பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்கும் இரவில் மூன்றாவது தடவை எழுந்துபோகும் தாய்க்கு அந்த நிமிஷம் பாசம் பொங்கியா வழிகிறது? தூக்கம்தான் வழியும். அதை நடிப்பு என்று யாராவது சொல்வார்களா?

ஆகவே மனம் மரத்துப்போன நிலையில் பாட்டு நடத்துவதை மாய்மாலக் கணக்கில் எழுதாதீர்கள். 88ஆம் சங்கீதத்தை எடுத்துப் பாருங்கள். ஆரம்பத்திலிருந்து முடிவுவரை விடியவே விடியாத சங்கீதம் அது. எபிரேய மூலத்தில் அதன் கடைசிச் சொல்லே "இருள்"தான். தலைப்பில் "கோராகின் புத்திரர்" என்று இருக்கும். அவர்கள் யார்? ஆலயத்தில் பாடிய குழு, அதாவது உங்கள் வேலையைச் செய்தவர்கள். சங்கீதப் புத்தகத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இப்படிப்பட்ட புலம்பல்தான். நம் சபைகளில் ஞாயிற்றுக்கிழமை பாடும் பாட்டுகளில் புலம்பல் எத்தனை என்று ஒரு மாதம் எண்ணிப் பாருங்கள். நான் எண்ணியிருக்கிறேன். பெரும்பாலும் ஒரு விரல்கூட மடக்க வேண்டியிருக்காது. உங்களுக்கு ஏற்பட்டிருக்கும் மூச்சுமுட்டலில் பாதி, பாட்டுத் தேர்வு செய்த கோளாறு என்பது என் கணிப்பு.

"கிருபையால் நல்லா இருக்காங்க" என்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். லிஃப்ட் கதவு மூடுவதற்குள் கேட்கிறவருக்கும், ஃபேரர் பார்க் ரயில் நிலையத்தில் பை கனக்க நிற்கும்போது கேட்கிறவருக்கும் அதைச் சொல்வதில் எனக்கு வருத்தமில்லை. நம்மவர்களிடையே அது பதில் வணக்கம் மாதிரி, யாரும் அதை மருத்துவ அறிக்கையாக எடுத்துக்கொள்வதில்லை. கேட்கிற எல்லாருக்கும் வீட்டுக் கதவைத் திறந்து வைக்கவேண்டும் என்று வேதத்தில் எங்கும் இல்லை. அறைவீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டி ஜெபிக்கச் சொன்னவர் மறைவுக்கு இடம் வைத்திருக்கிறார்.

ஆனால் சாட்சி வேறு. ஏன் வேறு என்பதை நான் புத்தகத்தில் கற்கவில்லை. பல ஆண்டுகளுக்கு முன்பு சிறுநீரகம் பழுதாகிக்கொண்டிருந்த ஒரு சகோதரருக்காகப் படுக்கை அருகே ஜெபித்தேன். அடுத்த ரத்தப் பரிசோதனையில் எண்கள் இறங்கியிருந்தன. அந்த ஞாயிறு பிரசங்கத்தில், "டாக்டர்கள் கைவிட்டதை ஆண்டவர் கைவிடவில்லை" என்றேன். உண்மையில் எந்த டாக்டரும் கைவிட்டிருக்கவில்லை. அந்த வரியை வாக்கியத்தின் அழகுக்காக நான் போட்டேன். ஆறு மாதத்தில் அவருக்கு எண்கள் மறுபடி ஏறிவிட்டன. எனக்குத் தெரியும். மேடையில் சொல்லவில்லை. ஆண்டவருக்கு மகிமை குறையும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். குறைந்திருக்கக்கூடியது என் மகிமை.

மூன்றாவது வரிசையில் உட்காரும் ஒரு பெரியவர், வாரம் மூன்று முறை டயாலிசிஸ் போகிறவர், என் சாட்சியை மனதில் வைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஒரு வாரம், "விசுவாசத்தில் நிற்கப்போகிறேன்" என்று இரண்டு முறை போகாமல் வீட்டிலேயே இருந்துவிட்டார். மூச்சு வாங்கி, இரவில் ஆம்புலன்ஸ் வந்து தூக்கிப்போனது. பிழைத்துக்கொண்டார். சில நாள் கழித்து அவர் மகள் தங்கள் புளோக்குக்குக் கீழே இருக்கும் காப்பிக்கடையில் என்னைச் சந்தித்தார். திட்டவில்லை. "அங்கிள், அந்தச் சகோதரருக்கு இன்னமும் நல்லா இருக்குன்னுதான் அப்பா நெனச்சுக்கிட்டு இருந்தாங்க" என்றார். என் முன்னால் இருந்த தேநீர் ஆறிப் போய்விட்டது.

அன்றைக்குப் பிறகுதான் எபேசியர் 4:25 எனக்குப் புரிந்தது. "பொய்யைக் களைந்து, அவனவன் பிறனுடனே மெய்யைப் பேசக்கடவன்" என்று பவுல் எழுதுகிறார். காரணமும் அங்கேயே இருக்கிறது. மனசாட்சி நிம்மதியாக இருக்கும் என்றோ, நீ நீயாக இருக்கலாம் என்றோ அவர் சொல்லவில்லை. நாம் ஒருவருக்கொருவர் அவயவங்களாக இருக்கிறோம் என்கிறார். கண் பள்ளத்தைப் பார்த்துவிட்டுச் சமதளம் என்று சொன்னால் விழுவது கால். நான் சொன்னதன்மேல் ஒருவர் தன் எடையை வைத்துச் சாய்ந்திருக்கிறார், அது இற்றுப்போனது தெரிந்தும் நான் பேசாமல் இருந்தேன்.

வாலிபர் கூட்டத்தில் சொல்லும் "ஆத்தென்டிக்" எனக்கு இடறுவது இந்த இடத்தில்தான். உள்ளே இருக்கும் நான்தான் நிஜமான நான், அதை அப்படியே வெளியே கொண்டுவந்தால் போதும் என்ற எண்ணம், தத்துவஞானி ரூசோ காலத்து ஐரோப்பாவிலிருந்து, அதாவது 18ஆம் நூற்றாண்டிலிருந்து, கிளைவிட்டு வந்தது. வேதம் உள்ளத்தை அவ்வளவு எளிதில் நம்புவதில்லை. இருதயமே எல்லாவற்றையும்விடத் திருக்குள்ளது என்கிறார் எரேமியா. என் மனதில் பட்டதைப் பட்டென்று சொல்வது நேர்மை என்று நினைத்துக்கொண்டு சபையில் நாலு பேரைக் காயப்படுத்திவிட்டு, "நான் ரியலா இருக்கேன்" என்று போகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அதே சமயம் "உள்ளத்தில் உண்மையிருக்க விரும்புகிறீர்" என்று 51ஆம் சங்கீதம் சொல்வதும் வேதம்தான். அதனால் உங்கள் முதல் கேள்விக்கு என் பதில்: சொல் மோஸ்தர், சரக்கு பழையது. இந்த உண்மை உங்களை வெளிப்படுத்துவதற்காக அல்ல, பக்கத்தில் இருக்கிறவருக்கு நீங்கள் பட்ட கடன்.

நீங்கள் சாட்சி சொன்ன அன்று பொய் சொன்னீர்களா? இல்லை என்றே நினைக்கிறேன். அன்று கையில் இருந்த அறிக்கையை வைத்துப் பேசினீர்கள். ஒரு பிழை உண்டு, அது அவசரம். ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்று மருத்துவர் சொல்வதும், பூரண சுகம் என்று நாம் சொல்வதும் ஒன்றல்ல. புற்றுநோயில் அதன் பிறகும் ஆண்டுக்கணக்கில் பரிசோதனைக்கு வரச் சொல்வது அதனால்தான். இதில் வேதம் நம்மைவிட நிதானமாக இருக்கிறது. குஷ்டரோகியைத் தொட்டுச் சுகமாக்கிய இயேசு, ஒருவருக்கும் சொல்லாதே, போய் ஆசாரியனுக்கு உன்னைக் காண்பி என்கிறார் (மாற்கு 1:44). லேவியராகமம் 14ஐப் பார்த்தால், ஆசாரியன் பாளயத்துக்கு வெளியே போய்ச் சோதிக்க வேண்டும், அதன் பிறகும் சுகமானவன் ஏழு நாள் தன் கூடாரத்துக்கு வெளியே தங்க வேண்டும், எட்டாம் நாளில்தான் காணிக்கை. முதலில் பரிசோதனை, பிறகு காத்திருப்பு, கடைசியில்தான் கொண்டாட்டம்.

நம் ஓபிர் ரோட்டில் தமிழ்க் கத்தோலிக்கருக்காக 1888இல் எழுந்த லூர்து அன்னை ஆலயம் தெரியும் அல்லவா? பெயருக்குக் காரணமான பிரான்ஸ் நாட்டு லூர்து நகரில் 1883 முதலே ஒரு மருத்துவ அலுவலகம் இருக்கிறது. ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே சுகமானதாகப் பதிந்திருக்கிறார்கள். திருச்சபை அற்புதம் என்று ஏற்றுக்கொண்டது எழுபதுச் சொச்சம்தான். நோய் திரும்பாமல் நிலைத்ததா என்று பல ஆண்டுகள் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறார்கள். நான் புராட்டஸ்டன்ட்காரன், அவர்களோடு எனக்கு ஒத்துப்போகாத விஷயங்கள் உண்டு. இந்தப் பொறுமையைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. நாம் செவ்வாய்க்கிழமை வந்த அறிக்கையை ஞாயிற்றுக்கிழமையே மைக்கில் சொல்லிவிடுகிறோம்.

"நோய் திரும்பிவிட்டது என்று வாயால் சொன்னால் அது அவிசுவாச அறிக்கை" என்று சிலர் உங்களைத் தடுப்பார்கள். அவர்கள் கையில் எடுப்பது பெரும்பாலும் ரோமர் 4:19. நூறு வயது நெருங்கிய ஆபிரகாம் தன் சரீரம் செத்துப்போனதை "எண்ணாதிருந்தான்" என்று நம் பழைய மொழிபெயர்ப்பில் இருக்கிறது. பார்த்தாயா, உண்மை நிலையை அவன் பொருட்படுத்தவே இல்லை என்பார்கள். ஆனால் கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகள் இங்கே இரண்டு விதமாக இருக்கின்றன. நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய பிரதிகளில், "எண்ணாதிருந்தான்" என்பதை எதிர்மறையாக்கும் அந்த "இல்லை" என்ற சொல் கிடையாது. அதன்படி வாசித்தால், தன் சரீரம் செத்ததை அவன் நன்றாகவே பார்த்தான், பார்த்தும் விசுவாசத்தில் தளரவில்லை என்று வரும். புதிய மொழிபெயர்ப்புகள் பெரும்பாலும் இதைத்தான் பின்பற்றுகின்றன. இந்த ஒரு வசனத்தை வைத்துக் கோட்டை கட்ட வேண்டாம் என்பதே என் கருத்து. ஆனால் ஸ்கேன் அறிக்கையைப் பார்க்காமல் இருப்பதுதான் விசுவாசம் என்று நிரூபிக்க இந்த வசனம் உதவாது.

பவுலையே பாருங்கள். எபேசுவில் அவர் உடலிலிருந்து எடுத்துப்போன உறுமால்களால் நோயாளிகள் சுகமடைந்ததாக அப்போஸ்தலர் 19 சொல்கிறது. அதே பவுலின் பெயரில் உள்ள இரண்டாம் தீமோத்தேயு 4:20இல் ஒரு வரி: "துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்." அவ்வளவுதான். விளக்கம் இல்லை, சமாதானம் இல்லை, ஆண்டவர் ஏதோ பெரிய நோக்கம் வைத்திருக்கிறார் என்று பூசி மெழுகவும் இல்லை. நண்பனுக்கு உடம்பு சரியில்லை, விட்டுவிட்டு வந்தேன். இந்த வரியை வாசித்து யாருடைய விசுவாசமும் குலைந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

இனி, என்ன செய்யலாம் என்பது. இங்கிருந்து வருவது என் அனுபவம் மட்டும்தான், வேத வசனம் இல்லை. முதலில் அப்பா. நோய் அவருடையது. அதைச் சபையில் சொல்லலாமா என்று தீர்மானிக்கும் உரிமையும் அவருடையது. நீங்கள் முதல் சாட்சி சொன்னபோது அவரைக் கேட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. பல வீடுகளில் கேட்பதில்லை. அவர் வேண்டாம் என்றால் மேடைக்குப் போகாதீர்கள். போதகரிடமும் மனதுக்கு நெருக்கமான ஓர் அக்காவிடமும் மட்டும் சொல்லுங்கள். அதோடு, உங்கள் சாட்சியை நம்பித் தன் சிகிச்சையில் ஏதாவது தளர்ச்சி காட்டக்கூடியவர் யாராவது சபையில் இருந்தால், அவரைத் தனியாகப் பார்த்து, அன்று அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன், டாக்டர் சொல்வதை விட்டுவிடாதீர்கள் என்று சொல்லுங்கள். அப்பாவின் இப்போதைய நிலையைச் சொல்லாமலே இதைச் சொல்ல முடியும். இது மட்டும் தள்ளிப்போட முடியாதது.

அப்பா சரி என்றால், போதகரிடம் முன்கூட்டியே பேசிவிட்டு, சுருக்கமாகச் சொல்லுங்கள். "அப்பாவுக்குப் பூரண சுகம் என்று இங்கே நின்று சொன்னேன். அன்று எனக்குத் தெரிந்தது அவ்வளவு. நோய் திரும்பியிருக்கிறது, சிகிச்சை நடக்கிறது, ஜெபித்துக்கொள்ளுங்கள்." இவ்வளவு போதும். ஏன் திரும்பியது என்று விளக்காதீர்கள், அது யாருக்கும் தெரியாது. அழுகை வந்தால் வரட்டும், வராவிட்டால் வரவழைக்காதீர்கள். உண்மையைச் சொல்வதையும் ஒரு நிகழ்ச்சியாக்கிக் கைதட்டல் வாங்க முடியும், அதையும் கண்ணால் பார்த்திருக்கிறேன். பழைய சாட்சியின் காணொளி சபையின் யூடியூப் பக்கத்தில் இருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள். சபையில் இருக்கிறவர்கள் இப்போது சொல்வதைக் கேட்பார்கள். திருநெல்வேலியிலோ மலேசியாவிலோ உட்கார்ந்து அதைப் பார்க்கும் ஒரு நோயாளி கேட்கமாட்டார்.

சபையில் ஒரு மூத்தவர், "புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின் பொய்மையும் வாய்மைதானே, எதுக்கும்மா ஊரைக் கூட்டுறே?" என்று வள்ளுவரையே கூட்டிவருவார். அடுத்த குறளையும் சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள்: தன் நெஞ்சறிவது பொய்யற்க. நன்மை பயக்கும் என்பதை யார் தீர்மானிப்பது? நான் மௌனமாக இருந்தபோதும் நன்மை என்றுதான் நினைத்தேன். அது போக, நம் தமிழ்ச் சபைகளின் அளவுக்கு இது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலை. மருத்துவமனை வரிசையில் யாராவது உங்களைப் பார்ப்பார்கள், மாலைக்குள் வாட்ஸ்அப்பில் வந்துவிடும்.

மற்றவர்கள் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்பதற்கு உத்தரவாதம் தரமாட்டேன். யோபுவின் நண்பர்கள் எல்லாச் சபையிலும் உண்டு. "எங்கேயோ விசுவாசத்துல குறை இருந்திருக்கும்" என்று ஒருவராவது சொல்வார், வலிக்கும். நான் அந்தப் பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டு, பிறகு மேடையிலும் திருத்திச் சொன்னபோது இரண்டு குடும்பங்கள் என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டன. நான் எதிர்பாராதவர்கள் நாலைந்து பேர், தங்கள் வீட்டில் நடந்த இதே மாதிரிக் கதையோடு வந்தார்கள். பெரியவர் அதே மூன்றாவது வரிசையில்தான் கடைசிவரை உட்கார்ந்தார். ஆராதனை முடிந்து கைகுலுக்கும்போது, "தம்பி, இன்னைக்குச் சொன்னது ரிப்போர்ட் பாத்துட்டுச் சொன்னதா?" என்று கேட்டுச் சிரிப்பார்.

பாட்டு நடத்துவதை நிறுத்த வேண்டுமா என்பதற்கு என்னிடம் தீர்மானமான பதில் இல்லை. வறட்சிக்காக நிறுத்தத் தேவையில்லை என்று மேலே சொன்னேன். ஆனால் அப்பாவைக் கவனித்து, வேலைக்கும் போய், சனிக்கிழமை ஒத்திகைக்கும் ஓடினால் உடம்பு தாங்காது. அதற்காகக் கொஞ்ச நாள் ஒதுங்கினால் அது தோல்வி அல்ல. தொடர்வதென்றால், நீங்கள் சபையில் சொல்லும் அந்த ஞாயிறு மட்டும் மைக்கை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு அப்பா பக்கத்தில் உட்காருங்கள். அடுத்த வாரம் 13ஆம் சங்கீதத்தை, "எதுவரைக்கும்" என்று நாலு தடவை கேட்கிறதே அதை, பாட்டுக்கு முன்னால் வாசித்துவிட்டுத் தொடங்குங்கள்.